நகராமல் ஓடிய என்ஜின்

மகனே,

உனக்கு இன்றைக்கு எட்டு மாதம். கூடத்துப் பாயில் கவிழ்ந்து கிடந்து என் பத்தாம் நம்பர் ஸ்பேனரைக் கடித்துக்கொண்டிருக்கிறாய். பிடுங்கினால் கத்துகிறாய். சோப்புப் போட்டுக் கழுவித்தான் கொடுத்தேன். உன் உம்மாவிடம் சொல்லிவிடாதே. நலமா என்று விசாரித்துத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டுமாம். நீ நலம்தான், கண் முன்னால் தெரிகிறது, அதைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. எனக்கு இப்போது இருபத்தொன்பது வயது. நீயும் இந்த வயதுக்குப் பக்கத்தில் வந்து, எங்கேயாவது கிளம்பப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தால், அன்றைக்கு உன் கையில் இதைக் கொடுக்கச் சொல்லி ரஹ்மாவிடம், அதாவது உன் உம்மாவிடம், கொடுத்து வைக்கப்போகிறேன். ஒளித்து வைக்கிற சங்கதி இதில் எதுவும் இல்லை. நடுவில் வீட்டில் யார் எடுத்துப் படித்தாலும் படிக்கட்டும். இந்த அறையின் மூலையில் என் பெட்டியும் கட்டித்தான் நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் வாப்பா முப்பது வருஷம் துபாயில் ஒரே கம்பெனியில் ஸ்டோர் பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒன்றரை மாத லீவு. அவர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே திரும்புகிறார், அதே கம்பெனியில் மெயின்டனன்ஸில் எனக்கு ஓர் இடம் சொல்லி வைத்திருக்கிறார் என்று போன ரமலானுக்குப் பிறகு தகவல் வந்தது. விசாவும் வந்தது. அவர் வந்து இறங்குவது சனிக்கிழமை, நான் ஏறுவது புதன்கிழமை. ஒரு ஷிப்ட் ஆள் வெளியே வர, அடுத்த ஷிப்ட் ஆள் உள்ளே போகிற மாதிரி. குடும்பத்தில் எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். நானும் சொன்னேன். சென்னையில் சர்வீஸ் சென்டரில் நான்கு வருஷம் வேலை பார்த்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு காரைக்காலில் கிடைத்ததைச் செய்துகொண்டிருந்தவன் நான். இங்கே இருக்கப் பிடிக்கவில்லை என்று தினம் ஒருதரம் சொல்லிக்கொண்டிருந்தவனும் நான்தான்.

வாப்பா போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "வாடகைக் காரெல்லாம் வேணாம். திருச்சிக்கு நம்ம கார எடுத்துக்கிட்டு வா. இத்தன வருஷமும் அடுத்தவன் வண்டியிலதான் வந்து எறங்கினேன். இந்தத் தடவ நம்ம வண்டியில வூட்டுக்கு வரணும்." அவ்வளவுதான். நான் சரி என்றேன். டிப்ளமோ ஆட்டோமொபைல் படித்தவனிடம் கேட்கிற விஷயமா இது என்று கூட நினைத்தேன்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒரு லீவில் வாப்பா பழைய வண்டியாக வாங்கினார். கார்பரேட்டர் வைத்த காலத்து வண்டி. லீவு முடிந்து அவர் போனதும் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் போய்விடும். எனக்குச் சாவி கிடையாது. "வாப்பா வந்தா ஓட்டிக்கலாம்" என்பதுதான் சட்டம். ஆனால் கிடந்த இடத்திலேயே கிடந்தால் பேட்டரி செத்துவிடும், என்ஜின் இறுகிவிடும் என்று வாப்பா ஓர் ஏற்பாடு செய்திருந்தார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ முடிந்த பிறகு என் உம்மா போய் ஸ்டார்ட் பண்ண வேண்டும். ஓட்டத் தெரியாது, ஓட்டவும் வேண்டாம். கியரை ஆட்டி நியூட்ரலில் இருக்கிறதா என்று பார், பெட்ரோலைக் கூடுதலாக விடும் சோக்கை இழு, சாவியைத் திருப்பு, ஐந்து நிமிஷம் ஓடவிடு, அணை. நம் ஊரில் வெளிநாட்டில் ஆள் இருக்கிற பாதி வீட்டில் இந்த வெள்ளிக்கிழமை ஸ்டார்ட் நடக்கும். தெருவில் நடந்து போனால் ஒவ்வொரு கொட்டகையாக உறுமுவது கேட்கும். பதினெட்டு வருஷம் என் உம்மா ஒரு வெள்ளிக்கிழமையும் தவறவிடவில்லை.

இரண்டு மாதம் முன்னால் தார்ப்பாயை எடுத்து நான் ஸ்டார்ட் பண்ணினேன். நின்ற இடத்தில் வண்டி உதறியது. மூன்று அடி ஒழுங்காக அடிக்கும், நான்காவதை முழுங்கும். ஸ்டீயரிங், சீட், கண்ணாடி எல்லாம் ஆடும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஓரளவு அடங்கும். காலை எடுத்தால் மறுபடி உதறும். நம் ஊர் பாஷையில் மிஸ்ஸிங் அடிக்கிறது. ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் மற்ற மூன்றின் முதுகில் ஏறிச் சவாரி போகிறது என்று அர்த்தம்.

இனி என் தப்பு. பிளக் மாற்றினேன். போகவில்லை. பிளக் வயர் நான்கையும் மாற்றினேன். போகவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, அதற்குள் சுற்றும் ரோட்டார், காயில், எல்லாம் புதுசு. கடல் காற்றில் பச்சை பூத்திருந்த எர்த் வயரைச் சுரண்டி மாற்றினேன்; அது செய்ய வேண்டியதுதான், ஆனால் வியாதி அது இல்லை. கார்பரேட்டரைக் கழற்றி ஊதிக் கழுவி மாட்டினேன். ஆறு வாரம் போய்விட்டது. ஒவ்வொரு தரமும், இதுதான், இதோடு சரி, என்று மாட்டினேன். ஒவ்வொரு தரமும் அதே மூன்று அடி, ஒரு முழுங்கல். ஒருநாள் ஸ்பேனரைச் சுவரில் விட்டெறிந்தேன். நீ இப்போது கடிப்பது அதைத்தான். ரஹ்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, "கார் சரியாவுதோ இல்லையோ, சுவர் போயிரும் போல இருக்கே" என்றாள்.

கடைசியில் தலத்தெருவில் பட்டறை வைத்திருக்கிற செந்திலிடம் போனேன். பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவன். வண்டி உதறிக்கொண்டே உள்ளே நுழைந்ததும், கையில் டீ கிளாஸோடு சிரித்தான்.

"என்னடா மாப்ள, சென்னை சர்வீஸ் சென்டர் இன்ஜினீயரே நம்ம பட்டறைக்கு வந்துட்டாரு?"

"ஓவராப் பேசாத. மிஸ்ஸிங். எல்லாத்தையும் மாத்திட்டேன்."

"எந்த சிலிண்டர்?"

எந்த சிலிண்டர் என்று நான் பார்க்கவே இல்லை. ஆறு வாரம்.

"அட பாவி. எதுன்னே தெரியாம கடையையே வாங்கி மாட்டியிருக்க. இதுக்குப் பேரு ரிப்பேர் இல்லடா, தீவாளி ஷாப்பிங்."

முதல் வருஷம் முதல் மாதத்தில் சொல்லிக் கொடுத்த வேலை இது. என்ஜின் ஓடும்போது ரப்பர் பிடித்த குறட்டால் பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். நல்ல சிலிண்டரின் வயரைப் பிடுங்கினால் சத்தம் மாறும், வண்டி இன்னும் தள்ளாடும். ஏற்கெனவே செத்திருக்கிற சிலிண்டரின் வயரைப் பிடுங்கினால் ஒரு மாற்றமும் இருக்காது. ஒன்று, தள்ளாடியது. இரண்டு, தள்ளாடியது. மூன்று, ஒன்றும் இல்லை. இரண்டு நிமிஷ வேலை. பிளக்கை இரண்டுக்கும் மூன்றுக்கும் மாற்றிப் போட்டோம். வியாதி பிளக்கோடு போகாமல் மூன்றிலேயே நின்றது. ஆக மின்சாரத்தில் குற்றம் இல்லை. பிறகு சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு இறுகுகிறது என்று முள்ளால் காட்டும் கம்ப்ரஷன் கேஜை மாட்டினோம். மற்ற மூன்றும் பன்னிரண்டைத் தொட்டன. மூன்றாவது ஆறில் நின்றுவிட்டது. பிளக் துளை வழியாக ஒரு கரண்டி என்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தோம். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடைவெளியை அடைத்து முள் ஏறும். ஏறவில்லை. ஆக, காற்று மேலே வால்வு வழியாகத் தப்பிக்கிறது. அதுவரை புதிதாக மாட்டிய அத்தனை சாமானுக்கும் இதோடு ஒரு சம்பந்தமும் இல்லை.

என்ஜினின் மேல்பாகத்தை, அந்த ஹெட்டை, கழற்றினோம். மூன்றாவது சிலிண்டரின் புகை போகும் வால்வில் கரி அப்படியே பக்கோடா மாதிரி ஒட்டியிருந்தது. அது உட்கார வேண்டிய வளையத்தில் துருப் புள்ளிகள். மூட வேண்டிய நேரத்தில் மூடவில்லை. செந்தில் நகத்தால் சுரண்டிப் பார்த்தான். "இது ஓடித் தேஞ்ச வண்டி இல்லடா. ஓடாம கெட்டது. சோக்க இழுத்து வெச்சு, நின்ன எடத்துலயே ரொம்ப நேரம் ஓட விட்டிருக்காங்க. அப்படி எவ்வளவு நேரம் ஓடினாலும் கரி எரியிற அளவுக்குச் சூடு ஏறாது. பெட்ரோல் கரியாச்சு, புகையோட வர்ற தண்ணி துருவாச்சு. யாரு இந்த வேலையப் பாத்தது?"

யார் என்று எனக்குத் தெரியும். வால்வைப் பையில் போட்டுக்கொண்டு நேரே வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் உம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். வால்வை அவர் முன்னால் திண்டில் வைத்தேன். "பாருங்க உம்மா. வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம நீங்க செஞ்சது. அஞ்சு நிமிஷம்னு வாப்பா சொன்னா அஞ்சு நிமிஷத்துல அணைக்கணும். எவ்வளவு நேரம் ஓட விட்டீங்க? ஸ்டார்ட் பண்ணாம சும்மா விட்டிருந்தாக்கூட இந்த என்ஜின் நல்லா இருந்திருக்கும்." நான் சொன்னதில் தொழில்நுட்பப் பிழை எதுவும் இல்லை. அதுதான் என் குணம், அது உனக்கும் வந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. உம்மா கையைத் துடைத்துக்கொண்டு வால்வை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இவ்ளோண்டுதானா?" என்றார். திருப்பி வைத்துவிட்டு மீனைக் கழுவ ஆரம்பித்தார். ரஹ்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

பேஸ்ட் வைத்து வால்வைக் கையால் சுற்றிச் சுற்றித் தேய்த்து, உட்காரும் இடத்தைச் சீராக்கி, புது கேஸ்கெட் போட்டு ஹெட்டை மாட்டினோம். சாவியைத் திருப்பினேன். நான்கு அடி. எதையும் முழுங்கவில்லை. செந்தில் போனட்டின் மேல் டீ கிளாஸை வைத்தான். டீ லேசாக நடுங்கியது, சிந்தவில்லை. "இனிமே நிறுத்தி வெச்சு ஸ்டார்ட் பண்ணா ஒத ஒனக்குத்தான். எடுத்துக்கிட்டுப் போயி நல்லா வெரட்டு. சூடாகி அந்தக் கரியெல்லாம் எரியட்டும்" என்றான்.

"உம்மாவையும் கூட்டிட்டுப் போங்க" என்று ரஹ்மா சொன்னாள். கேட்கிற தோரணையில் இல்லை. உம்மா முதலில் வரமாட்டேன் என்றார், பிறகு வேறு முக்காடு மாற்றிக்கொண்டு வந்தார். பழக்கத்தில் டிரைவர் பக்கக் கதவைத் திறந்துவிட்டார். பதினெட்டு வருஷமும் அவர் உட்கார்ந்தது அங்கேதானே. சுற்றி வந்து இந்தப் பக்கம் உட்கார்ந்தார். நான் கியர் போட்டு கொட்டகையை விட்டு வெளியே எடுத்ததும், "யா அல்லா, இது நகருமா!" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். வாப்பா லீவில் வரும்போது வீட்டு ஜனம் மொத்தமும் காரில் ஏறும். வீட்டைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்று உம்மா நின்றுகொள்வார். அது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

தரங்கம்பாடி சாலையில் மூன்றாவது கியரிலேயே இழுத்துப் பிடித்து ஓட்டினேன். என்ஜின் கத்தியது, பின்னால் கறுப்பாகக் கக்கியது, பிறகு கக்குவதை நிறுத்தியது. கோட்டுச்சேரி தாண்டியதும், நான் கேட்காமலே, சாலையைப் பார்த்துக்கொண்டு உம்மா பேசினார்.

"அஞ்சு நிமிஷம்னு எனக்குத் தெரியும் தம்பி. ஒங்க வாப்பா என்கிட்ட தெளிவாத்தான் சொன்னாரு."

"பின்ன ஏன் உம்மா?"

"அன்னிக்கு நம்ம வூட்ல எத்தன பேரு இருந்தோம்? ஒங்க வாப்பாவோட உம்மா, ரெண்டு மாமி, அவங்க புள்ளைங்க. போனு வந்தா எல்லாரும் சுத்தி நிப்பாங்க. நல்லா இருக்கேன், நல்லா இருக்கியளா, வெச்சிர்றேன். அதுக்கு மேல என்னத்தப் பேசுறது? வெள்ளிக்கிழம கார்ல ஒக்காந்து கண்ணாடிய ஏத்திக்கிட்டா ஒரு ஆளு வர மாட்டாங்க. கார் ஸ்டார்ட் பண்றேன்னுதானே நெனப்பாங்க. என்ஜின் ஓடுனா நான் தனியாப் பேசுறது வெளிய கேக்காது." முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார். "அழுதாலும் கேக்காது."

நான் வேகத்தைக் குறைக்கவில்லை. குறைத்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டி வரும். உம்மா ஜன்னல் பக்கம் திரும்பி, "கிளிஞ்சல்மேட்டுக்குப் போற ரோடா இது? இவ்ளோ கிட்டயா இருக்கு!" என்றார்.

அன்று சாயங்காலம் இதை ரஹ்மாவிடம் சொன்னேன். அவளுக்கு ஏற்கெனவே தெரியும். பெண்களுக்குள் எப்போது பேசிக்கொண்டார்களோ. என் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: "போறதுக்கு முன்னாடி எனக்கும் ஒரு பழைய காரு வாங்கிப் போட்டுட்டுப் போங்க." நான் ஏதோ பதில் சொன்னேன். இப்போது வீடியோ கால் இருக்கிறது, காலம் மாறிவிட்டது, அந்த மாதிரி. அவள் அடுத்த சட்டையை எடுத்தாள்.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். நம் ஊர் ஆளாயிற்றே, இங்கே பெட்ரோல் விலை குறைவு என்று எல்லை தாண்டுவதற்குள் டேங்கை நிரப்பிக்கொண்டேன். உம்மா முன்னால், ரஹ்மாவும் நீயும் பின்னால். திருச்சி வரை என்ஜின் ஒரு அடி தவறவில்லை. வாப்பா வெளியே வந்தார், எல்லோரையும் பார்ப்பதற்கு முன் காரைத்தான் பார்த்தார். பெட்டிகளை ஏற்றிவிட்டு முன் கதவைத் திறந்தார். உம்மா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார், இறங்குகிற உத்தேசமே இல்லாமல். வாப்பா ஒரு நிமிஷம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், பிறகு பின்னால் ஏறினார். ரஹ்மா உன்னை அவர் மடியில் வைத்தாள். அவருக்குப் பிடிக்கத் தெரியவில்லை. கண்ணாடிச் சாமானைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையையும் விறைப்பாக நீட்டிப் பிடித்திருந்தார். நீ அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தாய். கும்பகோணம் தாண்டுகிற வரை அவர் உன்னையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு உம்மாவிடம் கேட்டார்:

"எட்டு மாசத்துல புள்ள இப்படியா இருக்கும்?"

"இவனும் அப்படித்தான் இருந்தான்" என்று உம்மா என்னைக் காட்டினார். "போட்டோ அனுப்பினேன்ல."

நான் பிறந்தபோது அவர் அங்கே. என்னை அவர் முதலில் பார்த்தபோது நான் நடந்துகொண்டிருந்தேன். யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அவர் போகாவிட்டால் நான் படித்திருக்க மாட்டேன்.

சனிக்கிழமை திருநள்ளாறு வழியாக யாராவது வருவானா? நான் வந்தேன். பக்தர் கூட்டம், வெளியூர் பஸ், வேன், எல்லாம் சேர்ந்து அடைத்து, வண்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. என்ஜினுக்கு இதுதான் பரீட்சை. ஓடும்போது எந்தக் குறையும் மறைந்துவிடும். நின்று காத்திருக்கும்போதுதான் காட்டிக் கொடுக்கும். என் கை கியர் குமிழில் இருந்தது. ஒரு நடுக்கமும் இல்லை. "என்னடா, ஓடுதா அணைஞ்சிருச்சா? சத்தமே காணோம்" என்றார் வாப்பா பின்னாலிருந்து. நான் கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். நீ அவர் சட்டையில் எச்சில் வடித்துத் தூங்கிக்கொண்டிருந்தாய். அவர் கை இப்போது விறைப்பாக இல்லை.

"வாப்பா, நான் போகல."

"எங்க?"

"துபாய்க்கு. புதன்கிழம நான் ஏறல."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். வாப்பா ஒரு கையால் என் சீட்டைப் பிடித்துக்கொண்டார். "யாரு யாரு கால்லயோ விழுந்து வாங்கின எடம்டா அது. ஒனக்கு வெளையாட்டா இருக்கா? இங்க என்ன வெச்சிருக்க நீ?" ஒன்றும் வைத்திருக்கவில்லை என்றேன். அது உண்மை. உம்மா என்னையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. "தம்பி, முன்னாடி வண்டி நகருது. எடு" என்றார்.

இன்று வெள்ளி. ஆறு நாளாக வாப்பா என்னோடு பேசவில்லை. ஷிப்டுக்கு எழுந்த பழக்கத்தில் விடியற்காலையிலேயே எழுந்து வாசலில் நடக்கிறார். விசா ஏஜென்ட் போன் அடித்துக்கொண்டே இருக்கிறான். பெட்டி இன்னும் அவிழ்க்கவில்லை. திங்களிலிருந்து செந்தில் பட்டறைக்கு வரச் சொல்லியிருக்கிறான். "வேல நெறைய இருக்கு, மத்தது கேக்காத" என்றான். நான் செய்தது சரியா என்று எனக்குத் தெரியாது. நீ இதைப் படிக்கும்போது உனக்குத் தெரிந்திருக்கும். நான் எடுத்த முடிவால் உனக்குச் சில விஷயங்கள் கிடைக்காமல் போயிருக்கலாம். அதற்கு என்மேல் கோபப்படு. எதிரில் வைத்துக் கோபப்படு, நான் இங்கேதான் இருப்பேன். நீ கிளம்புவதாக இருந்தாலும் தடுக்க மாட்டேன். ஒன்று மட்டும். எதையும் கழற்றி வீசுவதற்கு முன், எந்த சிலிண்டர் என்று பார். இரண்டு நிமிஷம்தான் ஆகும். பழுது யாரால் வந்தது என்று தெரிந்த பிறகு, அதைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைக்காதே. முதலில் ஏன் என்று கேள். நான் கேட்கவில்லை. அந்த வால்வை அடுப்படித் திண்டில் வைத்த கை இன்னும் கூசுகிறது.

எழுதுவதை நிறுத்திவிட்டு ஜன்னலுக்குப் போய் வந்தேன். ஜும்ஆ முடிந்து எல்லோரும் வந்தாயிற்று. உம்மா பழக்கத்தில் சாவியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். நான் வேண்டாம் என்று கத்தப் போனேன், ரஹ்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் வாப்பா வாசலிலிருந்து மெதுவாக நடந்து போய் அந்தப் பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். ஸ்டார்ட் ஆகிற சத்தத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை.

சண்டை போடுகிறார்கள். என்னைப் பற்றித்தான். "முப்பது வருஷம் நீங்க சொன்னத நான் கேட்டேன்ல, இன்னிக்கு நான் சொல்றேன், நீங்க கேளுங்க" என்கிறார் உம்மா. தெருவுக்கே கேட்கிறது. நாலு கண்ணாடியும் இறக்கியிருக்கிறது. என்ஜின் ஓடவில்லை.

உன் வாப்பா